கதவைச் சாத்திட்டு வாங்கின கையெழுத்து: டென்மார்க், 1660

(பேச்சின் ஓட்டம் கெடாமல் சற்றே செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

போன வாரம் எபிசோட் வரலை, மன்னிச்சுக்கோங்க. எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பஞ்சாயத்து, அதுல மாட்டிக்கிட்டேன். அதைச் சொன்னாத்தான் இன்னைக்கு ஏன் இந்தக் கதையை எடுத்தேன்னு உங்களுக்குப் புரியும்.

எங்க பிளாக்ல மேல் மாடியில நாலு பெரிய வீடு. அவங்க மட்டும் மெயின்டனன்ஸ் கட்ட மாட்டாங்க. கேட்டா, "வாங்கும்போதே எங்களுக்குத் தனி ஒப்பந்தம்"னு சொல்லுவாங்க. லிஃப்டை அதிகமா பயன்படுத்துறதும் அவங்கதான். சங்கக் கூட்டம் போட்டா மூணு மணி நேரம் சண்டை நடக்கும், முடிவு ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் வெறுத்துப்போய் ஒருத்தர் எழுந்து சொன்னார்: "பேசாம செக்ரட்டரி சார்கிட்ட முழு அதிகாரத்தையும் கொடுத்துடலாங்க. அவர் கண்டிப்பானவர். வாங்க வேண்டியவங்ககிட்ட வாங்கிடுவார்." எல்லாரும் கை தட்டினோம். மறுநாள் வீடு வீடா ஒரு பேப்பர் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பார்த்தியான்னு கேட்டீங்கன்னா, இல்லை.

மூணே மாசத்துல மேல் மாடிக்காரங்க பாக்கியெல்லாம் கட்டிட்டாங்க. லிஃப்ட் சரியாச்சு. தண்ணி லாரி நேரத்துக்கு வந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு வருஷம் கழிச்சு, பொது நிதியில எவ்வளவு இருக்குன்னு சும்மா கேட்டேன். "அதைக் கேக்கற உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே"ன்னு பதில் வந்தது. அந்தப் பேப்பரைத் தேடி எடுத்துப் படிச்சேன். சொன்னது சரிதான். பொதுக்குழுவைக் கூட்டறதா வேண்டாமான்னு முடிவெடுக்கிற அதிகாரமும் அவர்கிட்டயே இருந்தது. கீழே என் கையெழுத்து, பளிச்சுன்னு.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது டென்மார்க். முழுசா ஒரு நாடே இதைச் செஞ்சிருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஏன் டென்மார்க்?

சர்வாதிகார மன்னர்னு சொன்னதும் பலருக்கும் பிரான்ஸின் பதினான்காம் லூயிதான் நினைவுக்கு வருவார். வெர்சாய் அரண்மனை, பெரிய விக், "நானே அரசு" என்ற வசனம். அந்த வசனத்தை அவர் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், லூயியின் அதிகாரத்தில் நிறைய ஓட்டை இருந்தது. அவர் போடும் ஆணைகளைப் பதிவு செய்ய நீதிமன்றங்கள் இருந்தன. சில மாகாணங்களில் வரி கேட்க வேண்டுமானால் அங்கே உள்ள சபைகளிடம் பேரம் பேச வேண்டும். "மன்னருக்கு எல்லையே இல்லை" என்று பிரான்ஸில் யாரும் ஒரு அரசியல் சாசனமாக எழுதி வைக்கவில்லை.

டென்மார்க் எழுதி வைத்தது. மன்னரின் வரம்பில்லா அதிகாரத்தை 40 பிரிவுகளாகப் பிரித்து, பிரிவு எண் போட்டு, சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. இதுல இன்னொரு ஆச்சரியமும் உண்டு. அந்த அதிகாரத்தை மன்னர் வாளை எடுத்துப் பிடுங்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கையைக் கட்டிப்போட்ட பத்திரம்

1660-க்கு முன்னால் டென்மார்க்கின் மன்னர் தேர்ந்தெடுக்கப்படுபவர். மகனுக்கே பெரும்பாலும் பட்டம் கிடைக்கும். ஆனாலும் 'ராஜ்ஜிய சபை' என்ற பிரபுக்கள் சபை அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு விலையாக, முடிசூடுவதற்கு முன்னால் மன்னர் ஒரு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்னின்னதைச் செய்ய மாட்டேன், சபையைக் கேட்காமல் போருக்குப் போக மாட்டேன், பிரபுக்களின் உரிமையில் கை வைக்க மாட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

1648-ல் மூன்றாம் ஃபிரெடரிக் பட்டத்துக்கு வந்தார். அவருடைய அண்ணன்தான் இளவரசர். அவர் முந்தைய வருஷம் இறந்துபோனதால் தம்பிக்கு இந்த வாய்ப்பு. சபை அந்த நேரம் பார்த்துப் பத்திரத்தை இன்னும் இறுக்கியது.

கேட்க நல்லாத்தானே இருக்கு? மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு, கேள்வி கேட்க ஒரு சபை. ஆனா அந்தச் சபையில் யார் இருந்தாங்கன்னு பாருங்க. முழுக்கப் பிரபுக்கள். அவங்களுக்கு வரி கிடையாது. "நாங்கள்தான் நாட்டைக் காக்கும் போர்வீரர்கள், அதனால் எங்களுக்கு வரிவிலக்கு" என்பது பழைய கணக்கு. வியாபாரிகளும் விவசாயிகளும் வரி கட்டினார்கள். அதாவது, மன்னரைத் தட்டிக் கேட்கிற அமைப்பும் சலுகைக் கூட்டத்தின் அமைப்பும் ஒண்ணுதான். கதையின் முடிச்சு இங்கதான் இருக்கு. ஒன்றை உடைத்தால் மற்றதும் உடையும்.

உறைந்த கடல்

1657-ல் டென்மார்க் ஸ்வீடன்மேல் போர் தொடுத்தது. எதிரி வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், இதுதான் சமயம் என்று கணக்கு. கணக்குத் தப்பியது. ஸ்வீடன் மன்னர் பத்தாம் கார்ல் குஸ்டாவ் தெற்கிலிருந்து படையோடு ஏறி வந்தார். டென்மார்க்கில் தீவுகள் நிறைய. நடுவில் கடல் இருக்கிறது, கப்பல் இல்லாமல் வர முடியாது என்று நம்பினார்கள். 1658 ஜனவரி கடைசியில் கடலே உறைந்துபோனது. குதிரை, பீரங்கி எல்லாவற்றோடும் பனிக்கட்டி மேல் நடந்து வந்தது ஸ்வீடன் படை. சில இடங்களில் பனி உடைந்து ஆட்களும் குதிரைகளும் மூழ்கினார்கள். மீதிப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்த பிப்ரவரியில் ரோஸ்கில்டு உடன்படிக்கை. ஸ்கோனே, ஹாலண்ட், ப்ளெக்கிங்கே என்று இன்றைக்குத் தெற்கு ஸ்வீடனாக இருக்கும் பகுதிகள் அப்படித்தான் கைமாறின. அதோடும் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் கார்ல் குஸ்டாவ் திரும்பி வந்து கோபன்ஹேகனையே முற்றுகையிட்டார். ஊரை விட்டுப் போய்விடலாம் என்று சிலர் சொன்னபோது ஃபிரெடரிக் மறுத்தார். பறவை தன் கூட்டிலேயே சாவது போல நானும் இங்கேயே சாகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது டென்மார்க்கில் இன்றும் பேசப்படும் சொல்.

மதில்மேல் நின்றது யார்? கைவினைஞர்கள், வியாபாரிகள், பல்கலைக்கழக மாணவர்கள். 1659 பிப்ரவரி 10 இரவு ஸ்வீடன் படை மதிலில் ஏற முயன்றது. இவர்கள் அடித்து விரட்டினார்கள். டச்சுக் கடற்படை உதவிக்கு வந்திருந்தது. 1660-ல் சமாதானம் வந்தது.

மதில்மேல் நின்னு ஊரைக் காப்பாத்தின ஒரு வியாபாரியை நினைச்சுப் பாருங்க. "நாங்கதான் போர்வீரர்கள்"னு சொல்லி வரி கட்டாத பிரபு ஒருத்தரை இனிமே அவர் எப்படிப் பார்ப்பார்?

நான்கு நாள்

போர் முடிந்தபோது கஜானா காலி. கடன் கழுத்தை நெரித்தது, படைவீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. 1660 செப்டம்பரில் மன்னர் கோபன்ஹேகனில் ஒரு பெரிய சபையைக் கூட்டினார். பிரபுக்கள், பாதிரியார்கள், நகரவாசிகள் என மூன்று தரப்பு. விவசாயிகளை யாரும் கூப்பிடவில்லை. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எல்லாரும் பயன்படுத்தும் பொருள்கள்மேல் ஒரு வரி போடலாம் என்று யோசனை வந்தது. நாடே மூழ்கிக் கிடந்த அந்த நேரத்திலும், அதில் எங்களுக்கு விலக்கு வேண்டும் என்றார்கள் பிரபுக்கள். மற்ற இரண்டு தரப்புக்கும் பொறுமை போனது. நகரவாசிகளின் பக்கம் கோபன்ஹேகன் மேயர் ஹன்ஸ் நான்சன், பாதிரியார்கள் பக்கம் பிஷப் ஹன்ஸ் ஸ்வானே. இவர்களுக்கும் அரண்மனைக்கும் இடையே ரகசியமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 8-ஆம் தேதி இரு தரப்பும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டன: இனிமேல் மன்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பட்டம் பரம்பரையாகவே வரட்டும். பரம்பரைப் பட்டம் என்றால் தேர்தல் இல்லை. தேர்தல் இல்லையென்றால் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கும் பேரமும் இல்லை. பிரபுக்களின் பிடி ஒரே வெட்டில் அறுந்துவிடும்.

ராஜ்ஜிய சபை முடியாது என்றது. கோபன்ஹேகனின் கதவுகள் சாத்தப்பட்டன. அனுமதி இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. காவல் கூட்டப்பட்டது, நகரப் படை ஆயுதத்தோடு நின்றது. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கதவைச் சாத்தினது மட்டும்தான். 13-ஆம் தேதி பிரபுக்களும் சரி என்றார்கள்.

மன்னரின் பழைய உறுதிப் பத்திரம் ரத்தாகி அவர் கைக்கே திரும்பியது. 18-ஆம் தேதி கோட்டைக்கு முன்னால் விழா, எல்லாத் தரப்பும் விசுவாச உறுதிமொழி. சில பத்தாண்டுகள் கழித்து டென்மார்க்குக்கு வந்த ஆங்கிலத் தூதர் ராபர்ட் மோல்ஸ்வொர்த் 1694-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நான்கே நாளில் ஒரு நாடு தன் சுதந்திரத்தை எப்படிக் கொடுத்தது என்பதுதான் அவருக்கு ஆறாத வியப்பு.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன். அவங்க கேட்டது என்ன? பரம்பரைப் பட்டம். வரம்பில்லா அதிகாரம் வேணும்னு அந்தத் தீர்மானத்துல யாரும் கேட்கலை. அப்புறம் எப்படி வந்தது?

பழைய பத்திரத்தைக் கிழித்தாயிற்று, அதற்குப் பதிலாக என்ன என்ற கேள்வி வந்தபோது, "மன்னரே எல்லாத் தரப்புக்கும் நல்லதாக ஒன்றை எழுதித் தரட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். பழையதை உடைக்கிற அவசரத்தில், புதியதை எழுதுகிற பேனாவை யாரும் கையில் எடுக்கவில்லை. 1661 ஜனவரியில் மன்னர் தரப்பிலிருந்து ஒரு ஆவணம் வந்தது. பரம்பரை உரிமையோடு முழு ஆட்சி அதிகாரமும் மன்னருக்கே என்று அதில் எழுதியிருந்தது. நாடு முழுக்கப் பிரபுக்கள், பாதிரியார்கள், நகரவாசிகளிடம் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஆமாங்க, எங்க அபார்ட்மென்ட் பேப்பர் மாதிரியே. அதுக்கப்புறம் அந்த மூன்று தரப்புச் சபையை எந்த மன்னரும் கூட்டவே இல்லை.

நாற்பது பிரிவுகள்

1665 நவம்பர் 14-ல் மன்னர் 'அரச சட்டம்' என்ற ஆவணத்தில் கையெழுத்திட்டார். லத்தீனில் லெக்ஸ் ரேஜியா. எழுதியவர் பேதர் ஷூமாக்கர். கோபன்ஹேகனில் மது வியாபாரி ஒருவரின் மகன், அப்போது முப்பது வயது. பிரபு குலம் கிடையாது. திறமையால் மேலே வந்தவர்.

அதில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்றேன். பூமியில் மன்னரே உச்சமானவர். மனிதர் இயற்றிய எந்தச் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்தாது. கடவுளைத் தவிர அவருக்கு நீதிபதி இல்லை. சட்டம் போடுவது, நீக்குவது, அதிகாரிகளை வைப்பது, எடுப்பது, போர், வரி எல்லாம் அவர் ஒருவர் கையில். அவர் யாருக்கும் உறுதிமொழி தர வேண்டியதில்லை. பதின்மூன்று வயது முடிந்தால் போதும், அவர் மேஜர். மன்னர் செய்யக் கூடாதவை என்று சில உண்டு: லூத்தரன் மதத்தை விடக் கூடாது, நாட்டைப் பங்கு பிரிக்கக் கூடாது, இந்தச் சட்டத்தை மாற்றக் கூடாது.

26-வது பிரிவு ரொம்ப சுவாரசியம். மன்னரே ஏமாந்தோ மனம் இளகியோ தன் அதிகாரத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. அதாவது உள்ளே போகும் கதவு மட்டும் வைத்துக் கட்டிய வீடு.

இதுல பெரிய வேடிக்கை, நாட்டின் இந்த அடிப்படைச் சட்டம் மக்களுக்குத் தெரியாது. ரகசியமாக வைத்திருந்தார்கள். 1671-ல் அடுத்த மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியனின் அபிஷேகத்தில்தான் அதை வாசித்தார்கள். அச்சில் வந்தது 1709-ல். இன்னொன்று, அபிஷேகத்துக்குத் தேவாலயம் வரும்போதே மன்னர் தன் கையால் தனக்கே கிரீடத்தைச் சூடிக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் பிஷப்பும் ராஜ்ஜிய சபையினரும் சேர்ந்து சூட்டுவார்கள். இனி சூட்டிவிட யாருக்கும் உரிமை இல்லை, அதனால் எடுத்துவிடவும் இல்லை.

லிஃப்ட் சரியாச்சு

உண்மையைச் சொல்லணும்னா, முதல்ல நிறைய நல்லது நடந்தது. மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த பழைய சட்டங்களை நீக்கி, 1683-ல் நாடு முழுமைக்கும் ஒரே 'டேனிஷ் சட்டம்' வந்தது. நல்ல, தெளிவான டேனிஷ் மொழியில் எழுதியது. அதன் சில பிரிவுகள் இன்றைக்கும் அங்கே செல்லும். அளவைகளும் எடைகளும் ஒன்றாக்கப்பட்டன. அந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் ஓலே ரோமர். ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டின அதே வானியலாளர். நிலத்தை எல்லாம் அளந்து 1688-ல் புதிய நிலப்பதிவேடு வந்தது. அரசு வேலைகளில் நகரவாசிகளின் பிள்ளைகள் நுழைந்தார்கள்.

ஆனா வரிவிலக்கு? அதுக்காகத்தானே இவ்வளவும்? 1671-ல் மன்னர் கவுன்ட், பேரன் என்ற புதிய பட்டங்களை உருவாக்கினார். பெரிய நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டம். கூடவே வரிச் சலுகை. சலுகை திரும்பி வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், முன்பு அது பிரபுக்களின் பிறப்புரிமை, இப்போது மன்னர் போடும் தயவு.

தயவு என்றால் என்ன என்பது அந்தச் சட்டத்தை எழுதியவருக்கே சீக்கிரம் தெரிந்தது. ஷூமாக்கர் கிரிஃபன்ஃபெல்ட் என்ற பட்டப்பெயரோடு கவுன்ட் ஆனார், நாட்டின் சான்சலர் ஆனார். 1676 மார்ச்சில் திடீரென்று கைது. லஞ்சம், ராஜ துரோகம் என்று குற்றச்சாட்டு. மரண தண்டனை. ஜூன் 6-ல் மேடைக்கு ஏற்றினார்கள். வெட்டுவதற்குத் தயாரான கடைசி நொடியில் மன்னரின் மன்னிப்பு வந்தது. மரணத்துக்குப் பதில் ஆயுள் சிறை. நார்வேயில் ட்ரொன்ட்ஹைம் அருகே ஒரு சின்னத் தீவுக் கோட்டையில் பல வருஷம் கிடந்தார். மன்னருக்கு மேல் நீதிபதி கிடையாது என்று எழுதினவர் அவர்தான். மேல்முறையீட்டுக்கு எங்கே போவார்?

அப்புறம் விவசாயிகள். 1660-ல் கூப்பிடப்படாதவர்கள். 1733-ல் ஒரு ஆணை வந்தது: குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டு வேறு ஊர் போகக் கூடாது. ஆரம்பத்தில் 14 முதல் 36 வயது வரை, பின்னால் 4 வயதிலிருந்து 40 வரை. நாலு வயசுக் குழந்தை! நிலப்பிரபுக்களுக்குக் கூலியாள், படைக்கு ஆள் என்று இரண்டு பேருக்கும் வசதி. பிரபுக்களை அடக்க வந்த ஆட்சி, பிரபுக்களுக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்தது.

தரங்கம்பாடி வரை எட்டாத கை

இந்த இடத்துல நம்ம ஊர் ஒண்ணு வருது. தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். சீகன்பால்கு பெயர் உங்களில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சில் கொண்டுவந்தவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். 1705 நவம்பர் கடைசியில் புறப்பட்ட சீகன்பால்குவும் கூட வந்த புளுட்சோவும் 1706 ஜூலை 9-ல் கரைக்கு வந்தார்கள்.

பூமியில் தனக்கு மேல் யாருமில்லாத மன்னர் அனுப்பிய ஆள். அவரைத் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி என்ன செய்தார் தெரியுமா? மோதல் முற்றி, 1708 நவம்பரில் கோட்டையில் சிறை வைத்தார். நான்கு மாதம். கோபன்ஹேகனுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரவே ஏழெட்டு மாதம் ஆகும் காலம். தாளில் எல்லையில்லாத அதிகாரம், நடைமுறையில் அந்த ஊரில் சாவி வைத்திருக்கும் ஆளின் அதிகாரம்தான். எல்லா அதிகாரமும் ஒருவர் பெயரில் இருந்தால், அதை அவரே செலுத்துகிறார் என்று அர்த்தமில்லை. இந்த உண்மை தலைநகரிலேயே வெடித்த கதைதான் அடுத்தது.

பேனாவைப் பிடித்த கை

1766-ல் ஏழாம் கிறிஸ்டியன் மன்னரானார். பதினேழு வயதுகூட நிறையவில்லை. அவருக்குக் கடுமையான மனநோய் இருந்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பாவம் அவர், அந்த நாற்காலியில் யாரும் அவரை உட்காரவே வைத்திருக்கக் கூடாது. அரச சட்டத்தில் சிறுவயது மன்னருக்கு ஏற்பாடு இருந்தது. மனநிலை பாதிக்கப்பட்ட மன்னருக்கு ஒரு வரியும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டால் சட்டம்.

1768-ல் மன்னரின் பயணத்துக்கு மருத்துவராக வந்தவர் ஜெர்மானியரான ஸ்ட்ரூன்சே. அறிவொளிக் காலச் சிந்தனைகளில் ஊறியவர். மன்னர் அவரை நம்பினார். அரசி கரோலின் மட்டில்டா அவரைக் காதலித்தார். 1770-ல் ஸ்ட்ரூன்சே தணிக்கையை அடியோடு நீக்கவைத்தார். வோல்டேர் பாராட்டிக் கவிதை எழுதினார். கொஞ்ச நாளில் மன்னருக்கு ஆலோசனை சொல்லும் சபை கலைக்கப்பட்டது. 1771 ஜூலையில் இன்னும் ஒரு படி: ஸ்ட்ரூன்சே கையெழுத்திட்டாலே அது மன்னரின் ஆணை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் பறந்தன. அதில் பல, இன்று படித்தாலும் நியாயமானவை.

நல்ல விஷயம்தானேன்னு தோணுது இல்லையா? எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த நல்லது எதன் மேல நின்னுச்சு? ஒரே ஒரு நோயாளியின் கையெழுத்து மேல. 1772 ஜனவரி 17 விடியற்காலை, முகமூடி நடன விருந்து முடிந்தபின், எதிரிகள் மன்னரின் படுக்கையறைக்குள் போய் வேறொரு தாளை நீட்டினார்கள். அதிலும் அவர் கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ரூன்சே கைது, அரசி கைது. மன்னரின் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்தார், அரச சட்டத்தை மீறினார் என்று ஸ்ட்ரூன்சேக்கு மரண தண்டனை. அந்தத் தீர்ப்பிலும் மன்னரின் கையெழுத்து. ஏப்ரல் 28-ல் தலை வெட்டப்பட்டது. அரசி நாடு கடத்தப்பட்டு, ஜெர்மனியின் செல்லே நகரில் 23 வயதில் இறந்தார்.

கவிழ்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அதே மன்னரின் அதே கையெழுத்தை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆண்டார்கள். 1784-ல் பட்டத்து இளவரசருக்குப் பதினாறு வயது. முதன்முறை அரச சபைக்கு வந்தவர், அப்பா முன்னால் ஒரு தாளை வைத்துக் கையெழுத்து வாங்கினார். சித்தப்பா மன்னரைப் பிடித்து இழுக்க, தள்ளுமுள்ளு நடந்தது. ஒரு நாட்டின் ஆட்சி மாற்றம், ஒரு நோயாளியின் கையை யார் பிடிப்பது என்ற இழுபறியில் முடிவானது.

இளவரசர் தரப்பு நல்லதும் செய்தது. 1788-ல் விவசாயிகளைப் பண்ணையோடு கட்டும் ஆணை நீக்கப்பட்டது. 1792-ல் அடிமை வியாபாரத்துக்குத் தடை, 1803 முதல் அமலுக்கு வந்தது. ஐரோப்பாவில் இதை முதலில் செய்த அரசு இதுதான். ஆனால் கரீபியத் தீவுகளில் இருந்த டேனிஷ் தோட்டங்களில் அடிமைமுறையே ஒழிய 1848 ஆனது. அதுவும் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு.

எப்படி முடிந்தது

1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. மார்ச் 21-ல் கோபன்ஹேகனில் சுமார் 15,000 பேர் அரண்மனை நோக்கி நடந்தார்கள். புதிதாக வந்திருந்த ஏழாம் ஃபிரெடரிக், பழைய அமைச்சர்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்றார். வரம்பில்லா அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்தார். 26-வது பிரிவின்படி அவர் அப்படி விட்டுக்கொடுத்தது செல்லாது! ஆனால் அன்று அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1849 ஜூன் 5-ல் அரசியல் சாசனம் வந்தது. ஓட்டுரிமை முப்பது வயதான, சொந்தக் குடித்தனம் நடத்தும் ஆண்களுக்கு. பெண்களுக்கு 1915-ல்தான்.

1660-ல் நான்கு நாளில் கொடுத்ததைத் திரும்ப வாங்க 189 வருஷம்.

அதன் எச்சம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அரச குடும்பத்தினர் திருமணம் செய்ய மன்னரின் அனுமதி வேண்டும் என்பது போன்ற ஓரிரு பிரிவுகள் அந்த 1665 சட்டத்திலிருந்து இன்னும் உயிரோடு இருக்கின்றன. அன்று விசுவாச உறுதிமொழி எடுத்த அதே கோட்டை மேட்டில்தான் இன்று நாடாளுமன்றம் நடக்கிறது.

நான் இந்தக் கதையில இருந்து எடுத்துக்கிட்டதைச் சொல்லிடறேன். 1660-ல் கோபம் நியாயமானது. வரி கட்டாத கூட்டம் தப்புதான், அவங்க சபை உடைய வேண்டியதுதான். மதில்மேல் நின்ன அந்த வியாபாரி முட்டாள் இல்லை. அவர் விட்டது ஒரே இடத்துல. "இவங்ககிட்ட இருக்கக் கூடாது"ன்னு தெரிஞ்ச அதிகாரம், வேற யார்கிட்ட, எத்தனை நாளைக்கு, யார் கேள்வி கேக்க இருக்கணும்னு அவர் எழுதிக்கலை. யாராவது "ஒரு ஸ்ட்ராங்கான ஆள் வந்தா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றப்ப, நான் இப்ப அந்த ஆளைப் பத்தி யோசிக்கிறதில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமப் போற அன்னைக்கு அவர் பேனாவை யார் பிடிப்பாங்கன்னு யோசிக்கிறேன்.

எங்க அபார்ட்மென்ட்? பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கேன். மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். போன வாரம் முழுக்க அதுக்குத்தான் அலைஞ்சேன். இதுவரைக்கும் பதினொண்ணு கிடைச்சிருக்கு. "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, எதுக்கும்மா வம்பு?"ன்னு கேக்கறாங்க. அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் தேடிட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் செய்றேன். கையெழுத்துப் போட வர்றவங்ககிட்ட, "முதல்ல படிச்சுப் பாருங்க"ன்னு பேப்பரை அவங்க கையிலேயே கொடுத்துட்டுக் காத்திருக்கேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.